ஸ்டேஷன் ரோட்டிலிருந்து வந்த மஸ்கட் போன்

வெளிநாடு போனால் குடும்பம் சந்தோஷமாக இருக்குமா என்ற கேள்விக்கு அம்பத்தூரில் எங்கள் தெரு முழுக்க ஒரே பதில்தான் வைத்திருந்தது. இருக்கும். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வழியனுப்பும் கம்பிக்கு அந்தப் பக்கம் போனதில்லை. போய்வந்தவர் கஜபதி ஒருவர்தான். அவரைக் கேட்டால் சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டு, "வெயிலு இன்னா போடு போடுது பாத்தியா" என்பார். மழை பெய்யும்போதும் ஒரு முறை அப்படிச் சொல்லியிருக்கிறார்.

கஜபதிக்குச் சொந்த ஊர் அயனம்பாக்கம். ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம். நெல் போடுவதைவிட நிலத்தைச் சும்மா வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பது லாபம் என்ற காலம் வந்ததும், அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு வேலைக்குக் கிளம்பினார்கள். கஜபதி அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வெல்டர் ஆனார். பிறகு கல்யாணம். பெண், பூந்தமல்லியை அடுத்த பாரிவாக்கத்து தாட்சாயிணி.

கல்யாணத்துக்கு அப்புறம்தான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. வீட்டில் இரண்டு அறைகள். ஆட்கள், மடியில் கிடந்த குழந்தைகளைச் சேர்க்காமலே, பத்துக்கு மேல். கதவு என்று ஒன்று தெருவாசலுக்கு மட்டும் இருந்தது. அதையும் பகலில் சாத்துவதில்லை. பெண்டாட்டியிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால், அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிற நேரம் பார்த்து, சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல் இவரும் கொல்லைக்குப் போக வேண்டும். அங்கேயும் அண்ணி எட்டிப் பார்த்து, "இன்னா தம்பி, டயரு தெனிக்கும் எறங்கிப்பூடுது?" என்பாள். தாட்சாயிணிக்கு இதெல்லாம் ஒரு குறையாகப் படவில்லை. அவள் பிறந்த வீடும் இதே மாதிரிதான். சொல்ல வேண்டியதைப் பத்துப் பேர் நடுவில் உரக்கச் சொல்லிப் பழகியவள். தனிமை வேண்டியிருந்தது கஜபதிக்கு மட்டும்தான்.

ஆகவே 1984-இல் அவர் மஸ்கட்டுக்குப் போனபோது, உறவுக்காரர்கள் நினைத்ததுபோல் தங்கத்துக்காகவோ டேப் ரெக்கார்டருக்காகவோ போகவில்லை. ஒரு கதவுக்காகப் போனார். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை. அதற்குள் தானும் தாட்சாயிணியும். ஆற அமரப் பேச்சு. இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் எஸ்டேட்டில் கூட வேலை பார்த்த செங்கல்வராயனிடம் மட்டும் சொன்னார்.

"பொண்டாட்டிகிட்ட பேசறதுக்காக பொண்டாட்டிய உட்டுட்டுப் போற," என்றான் செங்கல்வராயன். "கரெக்டுதான் மாமே. போயிட்டு வா."

அதில் இருந்த கேலி கஜபதிக்குப் புரிய பதினோரு வருடம் பிடித்தது.

கதவு வந்துவிட்டது என்பதைச் சொல்ல வேண்டும். மூன்றாவது வருடமே எங்கள் தெருவில் மனை வாங்கி வீடு எழும்பியது. மொசைக் தரை, முன்னால் கம்பி கேட், உள்ளே தேக்குக் கதவும் பித்தளைத் தாழ்ப்பாளுமாக அந்த அறை. தாட்சாயிணி, பெண் கஸ்தூரியோடு அயனம்பாக்கத்திலிருந்து வந்து குடியேறினாள். அந்தத் தாழ்ப்பாளைத் தினமும் போட்டாள், திருட்டுப் பயத்தில்.

பக்கத்து வீடு பார்த்தசாரதியுடையது. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் குமாஸ்தா. தெருவில் போன் இருந்த ஒரே வீடு அது. மனுப் போட்டுக் காத்திருந்து காத்திருந்து வந்த போன் என்பதால் அதற்கு வீட்டில் ஒரு பெரிய மனிதருக்கு உண்டான மரியாதை. கீழே பின்னல் துணி, மேலே பூப்போட்ட துணி, எண் சுழற்றும் வட்டத்தில் சின்னதாக ஒரு பூட்டு. சாவி பார்த்தசாரதியின் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் வருகிற அழைப்புக்குப் பூட்டுப் போட முடியாது. அந்தப் பாதியை அவர் மனைவி ஜெகதாம்பாள் தெருவுக்கே திறந்துவிட்டிருந்தாள்.

அரபு நாட்டில் வெள்ளிக்கிழமை விடுமுறை. இங்கே டிவியில் வெள்ளிக்கிழமை மாலை சினிமாப் பாட்டு. இவை இரண்டும் மோதிக்கொண்ட இடம் பார்த்தசாரதியின் கூடம். பாட்டுப் பார்க்கத் தெருவில் பாதிப் பேர் அங்கே தரையில் உட்கார்ந்திருக்கும்போது போன் அடிக்கும். ஜெகதாம்பாள் எழுந்து, முதலில் டிவியின் சத்தத்தை அடியோடு குறைப்பாள். பிறகு மதில் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "தாட்சாயிணீ! மஸ்கட்டு!" என்று கூவுவாள். திரையில் கதாநாயகனும் கதாநாயகியும் ஓசையில்லாமல் மலை மேல் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களை யாரும் பார்ப்பதில்லை.

தாட்சாயிணி வர நேரமே ஆகாது. முகம் கழுவி, பவுடர் பூசி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு கேட்டருகில்தான் நின்றிருப்பாள். போனில் முகம் தெரியாதே என்று கஸ்தூரி ஒரு முறை கேட்டாள். "தெரியாட்டி இன்னா? எனுக்குத் தெரியுதில்ல," என்று பதில் வந்தது. அந்தப் பக்கத்தில் கஜபதியும் இதற்குக் குறைந்தவர் இல்லை. வாரம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கில் கிடந்த மனிதர், அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டுதான் போன் வரிசையில் நிற்பார்.

கோடு சரியாக இருக்காது. கத்தினால்தான் கேட்கும்.

"நல்லாக் கீறியா? இன்னா, கொரலு ஒரு மாறியா கீது? தலைக்குக் குளிச்சியா? அங்க எண்ணெ கெடைக்கலன்னா குளிக்காத, சொல்ட்டேன்!"

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, அதைக் கூடம் இவள் பதிலிலிருந்துதான் ஊகிக்க வேண்டும்.

"எனுக்கும் அப்டித்தான் கீது! எப்டின்னா, அப்டித்தான்! எல்லாம் கேட்டுக்கினு கீறாங்க, பரவால்ல, நீ சொல்லு!"

யாராவது தொண்டையைக் கனைப்பார்கள். தாட்சாயிணி வெட்கத்தோடு சிரித்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, அதே சத்தத்தில் தொடர்வாள். கஸ்தூரிக்குக் காய்ச்சல், மாடியில் ஒழுகல், அண்ணி வந்து அழுதது, கனவில் அவர் கறுத்துப்போய் நின்றது, எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். பிறகு கஸ்தூரி வாங்கி, "அப்பா, எப்பப்பா வர்ற?" என்பாள். அப்புறம் கோடு அறுந்துவிடும். ஜெகதாம்பாள் சத்தத்தை ஏற்றுவாள். அதற்குள் டிவியில் பாட்டு முடிந்திருக்கும். யாரும் அதற்காக வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை.

ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் எவ்வளவு நினைத்துக்கொள்ள முடியும் என்று எங்கள் தெரு அந்தக் கூடத்தில்தான் தெரிந்துகொண்டது. இதில் அதிகமாகத் தெரிந்துகொண்டது பார்த்தசாரதியும் ஜெகதாம்பாளும். குடும்பம் என்றால் கூடவே இருப்பது என்பது பார்த்தசாரதியின் கொள்கை. பதவி உயர்வோடு வந்த இடமாற்றத்தைக்கூட வேண்டாம் என்றவர். அந்தக் கொள்கைப்படி தினமும் சாயங்காலம் அவர் நாற்காலியிலும் மனைவி ஸ்டூலிலும் கூடவே இருந்தார்கள். "காப்பி" என்பார் அவர். "வெச்சிருக்கேன்" என்பாள் அவள். வெள்ளிக்கிழமை போன் பேச்சு முடிந்த பிறகு மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

"பாவம், அந்தக் கொழந்தைக்குக் காய்ச்சலாம்."

"காதுல விழுந்தது."

கஜபதி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். அப்போது வீட்டில் கல்யாணக் கூட்டம். அயனம்பாக்கமும் பாரிவாக்கமும் பாயோடு வந்து இறங்கிவிடும். திருத்தணி, திருவேற்காடு என்று கோயில்கள், யார் யாருக்கு என்ன கொண்டுவந்தாய் என்ற பஞ்சாயத்து. தேக்குக் கதவு அறையில் பெட்டிகளும் பெரியப்பாவும் படுத்திருப்பார்கள். பேச முடியவில்லையே என்று கஜபதி வருத்தப்படுவார். ஆனால் காரணம் கண்ணுக்கு எதிரே குறட்டை விட்டுக்கொண்டிருந்ததால் அந்த வருத்தத்தில் ஒரு நிம்மதி இருந்தது. திரும்பிப்போய்த் தொழிலாளர் முகாமில் கூட்டாளிகளிடம், "எங்க ஊட்ல எதையும் மறைக்க மாட்டா. மனசுல கீறத அப்டியே சொல்லிருவா," என்று பெருமை அடித்துக்கொள்வார். அவர்கள் பொறாமைப்படுவார்கள்.

1995 மழைக்காலத்துக்கு முன்னால் ஒப்பந்தம் முடிந்து ஒரேயடியாக வந்து சேர்ந்தார். இனிமேல் இங்கேதான் என்று மீனம்பாக்கத்திலேயே சொன்னார். உறவுக்கூட்டம் வந்து பார்த்தது. இந்த ஆள் போகப்போவதில்லை என்று தெரிந்ததும் அவசரமில்லாமல் கலைந்தது. வீட்டில் மூன்று பேர் மிஞ்சினார்கள். கதவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கஸ்தூரி டியூஷன் போயிருந்தாள். கஜபதியும் தாட்சாயிணியும் அந்த அறையில் கட்டிலின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். எதற்காகப் பாலைவனத்துக்குப் போனாரோ அது கைக்கு எட்டிவிட்டது.

"ஃபேன் வேகமா வெக்கட்டுங்களா?" என்றாள் தாட்சாயிணி.

"வேணாம்."

கொஞ்ச நேரம் கழித்து, "காப்பி?" என்றாள்.

"இப்பதானே குடிச்சேன்."

"ஆமாங்க."

போனில் கேட்ட 'நீ' இல்லை. வந்த முதல் நாளே அது 'நீங்க' ஆகிவிட்டது. மஸ்கட்டிலிருந்து அவரே வாங்கிவந்து, விருந்தாளி வந்தால் எடுக்க வேண்டும் என்று ஷோகேஸில் வைக்கச் சொன்ன பீங்கான் தட்டில் அவருக்குச் சோறு விழுந்தது. அம்மாவும் பெண்ணும் நசுங்கிய எவர்சில்வர் தட்டுகளில் சாப்பிட்டார்கள், அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு. குழம்பில் ஒரு நாள் உப்பே இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். விருந்தாளி அப்படித்தான் செய்வார். ஃபியூஸ் போனால், அவர் ஸ்டூலைத் தேடுவதற்குள் தாட்சாயிணி கம்பியைச் சுற்றி முடித்திருந்தாள். கைக்குள் நெருப்பை வைத்துக் குழாய்களை ஒட்டிய மனிதர், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

கஸ்தூரி அவர் உள்ளே வந்தால் எழுந்து நின்றாள். போனில் "அப்பா அப்பா" என்று கொஞ்சின பெண், நேரில் அவரை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. அம்மாவிடம் போய், "அவருக்கு சோப்பு வேணுமாம்" என்றாள்.

இவை எல்லாம்கூடப் போகட்டும். வந்த முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கஜபதி முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தாட்சாயிணி முகம் கழுவிவிட்டு வந்தாள். பவுடர் பூசினாள். கனகாம்பரம் வைத்துக்கொண்டாள். போய்க் கேட்டருகில் நின்றாள். சற்று நேரம் கழித்துத்தான் அவளுக்கு நினைவு வந்தது, திரும்பிப் பார்த்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தில் வந்த வெட்கம் அவர் காலமெல்லாம் கனவு கண்ட வெட்கம் இல்லை. பூவை எடுத்து சாமிப் படத்துக்கு வைத்துவிட்டு, அரிசி பொறுக்க உட்கார்ந்தாள். கஜபதி பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். தன் பெண்டாட்டி வேறொருவனுக்காகச் சிங்காரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததுபோல் இருந்தது அவருக்கு. அந்த வேறொருவனும் தானே என்பதில் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

கார்த்திகையில், லீவுக்கு வந்திருந்த ஆவடிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பழைய ஃபோர்மேன் கஜபதியைத்தான் கேட்கிறாராம். பொங்கலுக்குள் சரி என்று தகவல் கொடுத்தால் விசா வந்துவிடுமாம். தாட்சாயிணி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். வந்தவர் போன பிறகு கஜபதி சமையலறை வாசலில் போய் நின்றார்.

"கேட்டியா?"

"கேட்டேங்க."

"இன்னா சொல்ற?"

"உங்க இஷ்டம்ங்க."

"உன் இஷ்டம் இன்னா?"

"உங்க இஷ்டம்தாங்க என் இஷ்டமும்."

இப்படியே மார்கழி வந்துவிட்டது. தான் இருப்பது அவளுக்குச் சுமையா, போனால் நிம்மதியா என்ற ஒரு விஷயம் தெரிந்தால் போதும், கஜபதி எதற்கும் தயார். அதை வீட்டுக்குள் தெரிந்துகொள்ள வழியில்லை. வீட்டில் இருக்கக் கூச்சமாக இருந்தது. காலையிலேயே கிளம்பி ஸ்டேஷன் ரோட்டுக்குப் போய்விடுவார். எஸ்டேட்டில் கம்பெனியை மூடிய பிறகு செங்கல்வராயன் அங்கே எஸ்டிடி பூத் வைத்திருந்தான். கண்ணாடிக் கூண்டு ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு.

"இன்னா மாமே, தெனிக்கும் என் மூஞ்சையே பாக்க வந்துர்ற. ஊட்ல இன்னா, டைவர்ஸா?" என்பான் அவன்.

"வெயிலு," என்பார் கஜபதி.

"வெயிலா? தூறிக்கினு கீது."

மார்கழி முதல் வெள்ளிக்கிழமை அப்படித்தான் தூறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் கூண்டுக்குள் ஒரு வடநாட்டுக்காரர் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு வெளியே வந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே இருந்த கஜபதி எழுந்தார். சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார். கூண்டுக்குள் போய் எண்களை அழுத்தினார். வெளியே மேஜை மேலிருந்த பெட்டியில் எண் சிவப்பாக எரிந்தது.

செங்கல்வராயன் கண்ணாடியைத் தட்டினான். "மாமே, முன்னாடி ஜீரோ ஜீரோ போடல நீ."

"தெரியும்."

"இது லோக்கல்டா. உங்க தெரு நம்பரு."

"தெரியும்னு சொன்னேன்ல. கதவ சாத்து."

பார்த்தசாரதியின் கூடத்தில் போன் அடித்தபோது டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது தெருவில் பல வீடுகளில் டிவி வந்துவிட்டாலும், பழக்கத்தில் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். கஸ்தூரியும் இருந்தாள். ஜெகதாம்பாள் எடுத்தாள்.

"ஹலோ... யாரு? கஜபதியா? என்னப்பா, மஸ்கட்டுக்கு எப்போ போனே?"

"போவலக்கா. இங்கதான், வெளிய கீறேன். கொஞ்சம் அவள கூப்பிடறீங்களா?"

ஜெகதாம்பாள் ஒரு கணம்தான் யோசித்தாள். பிறகு டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்தாள். மதில் சுவருக்குப் போய், "தாட்சாயிணீ! மஸ்..." என்று ஆரம்பித்து, "போன்!" என்று முடித்தாள்.

தாட்சாயிணி ஈரக் கையோடு ஓடிவந்தாள். பாரிவாக்கத்தில் யாருக்கோ ஆபத்து என்றுதான் நினைத்தாள்.

"அல்லோ?"

"நான்தான்."

கூடம் அவள் முகத்தைப் பார்த்தது.

"நீயா? எங்க கீற? அடிகிடி பட்டுச்சா?"

"ஒண்ணும் இல்ல. செங்கல்வராயன் கடையில கீறேன்."

"ஸ்டேசன் ரோட்லயா? அங்கருந்தா போன் பண்ற? உனுக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா? எல்லாம் ஒக்காந்துகினு கீறாங்க! மானத்த வாங்கறியே! நாலு தெரு நடந்து வந்து ஊட்ல பேசினா ஆவாதா?"

"ஊட்ல வர்ல தாட்சாயிணி," என்றார் கஜபதி. "பேசிப் பாத்தேன். வர்ல."

கஸ்தூரி முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போது பார்த்தசாரதி எழுந்தார். கூடத்தில் இத்தனை வருடத்தில் அவர் எடுத்த முதல் நடவடிக்கை அது.

"எல்லாரும் கொஞ்சம் வெளியில வாங்க," என்றார். "இது ஃபேமிலி மேட்டர்."

எல்லோரும் எழுந்து வெளியே போய்க் கூரை விளிம்பில் சொட்டும் தண்ணீருக்குக் கீழே நெருக்கி நின்றார்கள். பார்த்தசாரதி கதவையும் சாத்தினார். கூடத்தில் தாட்சாயிணியும் போனும் மட்டும்.

"பொங்கலுக்குள்ள சொல்லணும்," என்றார் கஜபதி. "நான் போவட்டுமா, இருக்கட்டுமா? உன் வாயால சொல்லு. நீ இன்னா சொன்னாலும் சரி."

தாட்சாயிணி சாத்திய கதவைப் பார்த்தாள். அவள் குரல் அடங்கிப்போயிற்று.

"உங்க இஷ்டம்ங்க," என்றாள்.

கூண்டுக்குள் கஜபதி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். இங்கேயும் அதேதானா என்று நினைத்திருப்பார். வைத்துவிடலாமா என்றுகூட நினைத்திருப்பார். ஆனால் அதற்குள் அந்தப் பக்கம் ரிசீவரை மேஜை மேல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் கூவுவது கேட்டது.

"அக்கா! ஏன் எல்லாம் வெளிய நிக்கறீங்க, மழையில? உள்ள வாங்க! சார், நீங்களும் வாங்க! ஒக்காருங்க!"

தயங்கித் தயங்கி எல்லோரும் வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஜெகதாம்பாள் முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டே ஸ்டூலில் அமர்ந்தாள். திரையில் யாரோ இரண்டு பேர் ஓசையில்லாமல் மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தாட்சாயிணி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ரிசீவரை எடுத்தாள்.

"அல்லோ! கீறியா?"

"கீறேன்."

"கேளு. ஊட்டுக்கு ஒருத்தரு வந்துகீறாரு. வந்து மூணு மாசம் ஆவுது. எது கேட்டாலும் 'வேணாம்'ன்றாரு. கொழம்புல உப்பு போட மறந்துட்டேன், அத்தக்கூட ஒரு வார்த்த சொல்லாம துன்னுட்டு எழுந்து போயிட்டாரு. நானு அப்பால வாயில வெச்சிப் பாத்து அழுதுட்டேன். காலைல போனா ராத்திரிதான் வர்றாரு. எங்க போறாருன்னு தெர்ல. என்னைப் புடிக்கலயா, ஊட்டப் புடிக்கலயா, ஒண்ணும் தெர்ல. கஸ்தூரி வேற பயப்படறா. இதெல்லாம் வெள்ளிக்கெழம உங்கிட்ட சொல்லலாம்னு ஒவ்வொரு வாரமும் பாக்கறேன், போனே வர்ல! நானு யாருகிட்ட போயி சொல்லுவேன்?"

அவள் போட்ட சத்தம் கூண்டுக் கண்ணாடியைத் தாண்டி வெளியே கேட்டது. செங்கல்வராயன் கல்லாவைத் துடைக்க ஆரம்பித்தான்.

கஜபதி ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார். "அவர இன்னா பண்ணலாம்ன்ற? திரும்பி அனுப்பிடலாமா?"

"அய்ய! அனுப்பறதுக்கா இத்தினி வருசம் காத்துக்கினு இருந்தேன்? போவ வேணாம்னு சொல்லு! ஆனா இப்டி ஊமையா ஒக்காந்துகினு கீறவரு எனுக்கு வேணாம். போன்ல பேசுவியே, அந்த ஆள வரச் சொல்லு!"

சொல்லி முடித்த பிறகுதான் எத்தனை பேர் முன்னால் சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. ரிசீவரை வைத்தாள், பூப்போட்ட துணியை எடுத்து அதன் மேல் ஒழுங்காக மூடினாள், யாரையும் பார்க்காமல் போய்விட்டாள். கஸ்தூரி பின்னாலேயே ஓடினாள்.

ஜெகதாம்பாள் டிவியின் சத்தத்தை ஏற்றவில்லை. பார்த்தசாரதியும் ஏற்றச் சொல்லவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

கஜபதி கூண்டைவிட்டு வெளியே வந்தபோது செங்கல்வராயன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. கேலி செய்திருந்தால் தேவலை என்று இருந்தது கஜபதிக்கு. குடையைக்கூட அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். எங்கள் தெருவில் நுழைந்தபோது, வழக்கமாக அந்த நேரத்தில் யாரும் வெளியில் இல்லாத வீடுகளிலெல்லாம் ஆட்கள் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேர் பார்க்கிற அளவுக்கு அங்கே மழை பெய்யவில்லை. கஜபதி தலையைக் குனிந்துகொண்டு, மஸ்கட்டில் சம்பாதித்துப் போட்ட கம்பி கேட்டைத் திருடன்போல் ஓசைப்படாமல் திறந்தார்.

உள்ளே கஸ்தூரி நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அன்றைக்கு அவள் மரியாதைக்காக எழுந்து நிற்கவில்லை; ஏற்கனவே நின்று காத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா இப்டிப் பண்ணே?" என்றாள். "அந்த வீட்ல என் கிளாஸ் பொண்ணு வேற உக்காந்துகினு இருந்தா, தெரியுமா? நாளைக்கு ஸ்கூல்ல எல்லாரும் கேப்பாங்க. நான் எப்டிப்பா போவேன்? அசிங்கமா இருக்குப்பா. போன் பண்ணுறதுக்கு வேற ஊடே கெடைக்கலயா உனக்கு?"

கஜபதிக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. காது இரண்டும் சுட்டது. ஆனாலும் அவள் இன்னும் கொஞ்சம் திட்டினால் நன்றாக இருக்கும்போலத் தோன்றியது. வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவரை யாரும் திட்டியதில்லை.

"தப்புதாம்மா," என்றார்.

"அப்பாவத் திட்டாதடி," என்று சமையலறையிலிருந்து தாட்சாயிணியின் குரல் வந்தது. அவள் வெளியே வரவில்லை. முகத்தைக் காட்ட அவளுக்கும் வெட்கம். "அந்தாளுக்கு சோத்தப் போடு."

கஸ்தூரி அழுகையோடு கைக்குக் கிடைத்த ஒரு தட்டை எடுத்து டொக்கென்று தரையில் வைத்தாள். ஓரம் நசுங்கிய எவர்சில்வர் தட்டு அது. கஜபதி உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டார். மென்றார். சமையலறைப் பக்கம் பார்த்து, மஸ்கட்டிலிருந்து கேட்கிற அளவுக்குக் குரலை உயர்த்தினார்.

"தாட்சாயிணி! கொழம்புல காரம் ஜாஸ்தி!"

"தெரியும்!" என்று உள்ளேயிருந்து அதே சத்தத்தில் பதில் வந்தது. "கோவத்துல போட்டேன்! துன்னு!"

பக்கத்து வீட்டில் அது தெளிவாகக் கேட்டது என்று ஜெகதாம்பாள் மறுநாள் சொன்னாள். அவள் சொல்லாவிட்டாலும் கேட்டிருக்கும்.

பொங்கலுக்கு முன்பே கஜபதி ஆவடிக்குப் போய், வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே போவதற்கு ஸ்டேஷன் ரோடுதான் குறுக்கு வழி. ரொம்ப நாள்வரை அவர் அந்த வழியாகப் போகவில்லை. ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போனார். அவர் விட்டுவிட்டுப் போன குடையைச் செங்கல்வராயனே ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். தேக்குக் கதவை அதற்கப்புறம் யாரும் சாத்தியதில்லை. அவர் முன்னறையில் இருப்பார், அவள் பின்கட்டில் இருப்பாள், பேச்சு நடுவில் போய்வந்துகொண்டிருக்கும். தெருவுக்கே கேட்கும்.